மணமகளின் கையெழுத்து இல்லாத திருமணப் பதிவேடு: ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதி அமைச்சர் அவர்களுக்கும், பாராளுமன்றத்தின் முஸ்லிம் உறுப்பினர்களுக்கும், நாட்டின் கண்ணியத்துக்குரிய மார்க்க அறிஞர்களான உலமாக்களுக்கும்,

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு தீர்மானம் ஒன்றை வாசித்தார்கள். இலங்கையின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. திருமண வயதை 18 ஆக்கினால் ஸினா (திருமணத்துக்கு வெளியிலான உறவு) பெருகும். மணமகள் கையெழுத்து வைக்கலாம் என்று விட்டால் அவளுடைய ஆண் பொறுப்பாளரான வலியின் உரிமை போய்விடும், பிள்ளைகள் வழிதவறுவார்கள். இந்த மூன்றையும் எழுதி, "ஊர் ஏகமனதாக ஏற்றுக்கொண்டது" என்று கீழே கையெழுத்து வைத்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள். ஊரில் பாதிப்பேர் பெண்கள். எங்களில் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை. வீட்டில் இருந்தபடி ஒலிபெருக்கியில் கேட்டுத்தான் நாங்கள் ஏகமனதாக ஏற்றுக்கொண்ட செய்தி எங்களுக்கே தெரியவந்தது.

அதனால்தான் இந்தக் கடிதம். நான் கிழக்கு மாகாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்த ஆசிரியை. ஐவேளை தொழுகிறவள். என் பிள்ளைகளுக்கு நிகாஹ் செய்து வைத்தவள். தாபரிப்புக்கும் விவாகரத்துக்கும் முஸ்லிம் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றம் போகிற பெண்கள் தனியாகப் போகப் பயந்து என்னைக் கூட அழைப்பார்கள், போய்வந்திருக்கிறேன். மேற்கத்தேயக் கலாசாரத்தைக் கொண்டுவருகிறவள் என்று என்னைச் சொல்ல வேண்டாம். அந்தச் சொல்லை என் உம்மாவின் வயதுப் பெண்கள் மேலும் எறிந்திருக்கிறீர்கள், அவர்கள் கொழும்பைக்கூடப் பார்த்ததில்லை.

முதலில் அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொல்கிறேன். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமான அந்த விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் நடக்கும் எங்கள் திருமணங்களில், மணமகன் கையெழுத்து வைக்கிறார், மணமகளின் வலி வைக்கிறார், நிகாஹ் நடத்தி வைத்தவர் வைக்கிறார், சாட்சிகள் வைக்கிறார்கள். மணமகள் வைக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. முன்மண்டபத்தில் ஆண்கள் பாயில் இருப்பார்கள், நடுவில் ஒரு சிறிய மேசை, அதில் பதிவேடு. உள்ளறையில் மருதோன்றி காய்ந்த கையோடு பிள்ளை இருப்பாள், சுற்றிலும் பெண்கள். சில வீடுகளில் வாப்பா உள்ளே வந்து, "மகள், சம்மதமா?" என்று கேட்பார். அது அவருடைய நல்ல குணம். கேட்காமல் விட்டாலும் பதிவாளர் எழுதத்தான் செய்வார், நிகாஹ் நடக்கத்தான் செய்யும். நான் படிப்பித்த ஒரு பிள்ளை வெளியே மணமக்களுக்கான "பாரகல்லாஹு" வாழ்த்து ஓதுகிற சத்தம் கேட்ட பிறகுதான், "டீச்சர், முடிஞ்சிட்டா?" என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கு அப்போது, பதினாறு வயதளவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

அப்புறம் அவளுடைய பெயரை வகுப்பு இடாப்பிலிருந்து நான்தான் சிவப்பு மையால் வெட்டினேன். காரணம் எழுதும் இடத்தில் "விலகல்" என்று எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதப்பட்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பெயர்களைச் சொல்லமாட்டேன், அவர்கள் இதே ஊர்களில் வாழ வேண்டியவர்கள்.

ஆலிம்களே, இதை மார்க்கம் என்று சொல்லித்தான் பாதுகாக்கிறீர்கள். எனவே மார்க்கத்தை வைத்தே கேட்கிறேன். கணவனை இழந்த அல்லது விவாகரத்தான பெண்ணை அவளுடன் ஆலோசிக்காமலும், கன்னிப்பெண்ணை அவளுடைய அனுமதி கேட்காமலும் மணமுடித்துக் கொடுக்கக் கூடாது என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. கன்னிப்பெண்ணின் அனுமதி எப்படி என்று தோழர்கள் கேட்டபோது, அவள் மௌனமாக இருப்பது என்று நபியவர்கள் (ஸல்) சொன்னார்கள். இந்தக் கடைசித் துண்டை மட்டும் எடுத்து, பெண் பேசத் தேவையில்லை என்று எத்தனை பயான் சொற்பொழிவுகளில் கேட்டுவிட்டோம்! கேட்ட பிறகுதானே மௌனம் பதிலாகும்? கேள்வியே கேட்கப்படாதவளின் மௌனம் எதற்குச் சம்மதம்? கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களை அவருடைய தந்தை விருப்பமில்லாமல் மணமுடித்துக் கொடுத்தபோது, அந்தத் திருமணத்தை நபியவர்கள் ரத்துச் செய்தார்கள். இதே போல வந்து முறையிட்ட ஒரு கன்னிப்பெண்ணுக்கும் ஏற்பதா விடுவதா என்ற தெரிவைக் கொடுத்தார்கள் என்று அபூதாவூத் தொகுப்பில் வருகிறது. ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்னர் ஒரு பெண் நேரே போய், "எனக்கு இது விருப்பமில்லை" என்று சொல்ல முடிந்தது, அது செல்லுபடியானது. இலங்கையில் அதைச் சொல்ல ஒரு கோடிட்ட இடம்கூட இல்லை.

ஷாபிஈ மத்ஹபில், அதாவது அந்தச் சட்டப்பள்ளியில், கன்னிப்பெண்ணின் தந்தைக்கு அதிகாரம் இருக்கிறது என்பீர்கள். தெரியும். நம் நாட்டில் பெரும்பாலோர் ஷாபிஈகள் என்பதும் தெரியும். அதே மத்ஹபில் அவளிடம் கேட்பது விரும்பத்தக்கது என்று இமாம்கள் எழுதியிருப்பதும், பருவமும் அறிவும் வந்த பெண் தன் நிகாஹைத் தானே செய்துகொள்ளலாம் என்று ஹனபி மத்ஹப் சொல்வதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வங்கிக்கும் காப்புறுதிக்கும் தேவைப்பட்டபோது நான்கு மத்ஹபுகளிலும் தேடி இலகுவான கருத்தை எடுத்துத் தந்தீர்கள். பெண்பிள்ளையின் விஷயத்தில் மட்டும் ஒரே கருத்தில் ஏன் நிற்கிறீர்கள்?

அடுத்தது வயது. சட்டத்தின் 23ஆம் பிரிவு 12 வயதுக்குக் குறைந்த பெண்ணின் திருமணத்தைக் காதியின் அனுமதி இல்லாமல் பதியக் கூடாது என்கிறது. இதைத் தலைகீழாக வாசித்தால், 12 முடிந்தால் யாருடைய அனுமதியும் வேண்டாம், 12க்குக் கீழ் என்றால் காதி போதும். இந்த 12 குர்ஆனில் எங்கே இருக்கிறது? எந்த ஹதீஸில் இருக்கிறது? அது சட்டம் எழுதியவர்கள் போட்ட எண். 12ஐப் போட முடிந்தவர்களுக்கு 18ஐப் போட முடியாது என்று எப்படிச் சொல்வது? அனாதைகளின் சொத்தைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் திருமணப் பருவத்தை அடையும்வரை சோதித்து, தெளிந்த அறிவைக் கண்டால் மட்டுமே சொத்தை ஒப்படைக்கும்படி குர்ஆனின் சூரத்துந் நிஸாவின் ஆறாவது வசனம் பொறுப்பாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. ஒரு காணித்துண்டை நம்பிக் கொடுக்கவே தெளிந்த அறிவு வேண்டும் என்று அல்லாஹ் சொல்கிறான். ஒரு சிறுமியின் உடம்பையும் கர்ப்பத்தையும் ஆயுளையும் ஒப்படைக்க அது வேண்டாமா?

நபியவர்களின் மனைவியான ஆயிஷா நாயகியின் (ரழி) இளவயதுத் திருமணத்தை எடுத்துக்காட்டுவீர்கள் என்று தெரியும். எங்கள் உயிருக்கும் மேலான அந்த அன்னையைப் பற்றி விவாதிக்க நான் வரவில்லை. ஆகுமான ஒன்று கடமையாகிவிடாது என்பதையும், ஆகுமானதை மக்களின் நலனுக்காக ஆட்சியாளர் மட்டுப்படுத்தலாம் என்பதையும் மத்ரஸாவில் படிப்பித்தவர்கள் நீங்கள்தான். அதைத்தான் முஸ்லிம் நாடுகள் செய்தன. 1917இல் உஸ்மானியப் பேரரசே ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்று பொது வயதை வைத்தது. மொரோக்கோ 2004இல் இருவருக்கும் 18 என்றது, பருவமடைந்த பெண் வலி இல்லாமலும் தன் திருமணத்தைச் செய்யலாம் என்றது. 18க்குக் குறைந்தவர்களின் திருமணத்தைப் பதிவதை எகிப்து 2008இல் தடுத்தது. உலகிலேயே ஆக அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியா, ஷாபிஈ மத்ஹப் நாடு, 2019இல் பெண்ணின் வயதை 16இலிருந்து 19 ஆக்கியது. அங்கெல்லாம் ஆலிம்கள் இல்லையா?

ஸினா பெருகும் என்ற வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஊரில் உம்மா வாப்பாமாரைப் பயமுறுத்துவது இதுதான். கையில் போன் வந்துவிட்டது, பிள்ளை கெட்டுப்போவாள், அதற்கு முன் முடித்துக் கொடுத்துவிடு. இந்தப் பயத்தை நான் பொய் என்று சொல்லவில்லை, எனக்கும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் கற்பு என்பதைப் பெண்பிள்ளையின் மேல் மட்டும் ஏற்றி வைத்துவிட்டோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒருவன் குறுஞ்செய்தி அனுப்பினால், அவன் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருப்பான், அவளை வீட்டில் இருத்திச் சம்பந்தம் பேசுவோம். அவனைப் பள்ளிவாசலின் எந்தப் பிரசங்க மேடையும் (மிம்பர்) கேள்வி கேட்காது. ஒரு வீட்டில் நெருங்கிய உறவினரால் கெடுக்கப்பட்ட பிள்ளையை, மானம் போகாமல் இருக்க, அதே ஆளுக்கே முடித்துக்கொடுக்க ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பிள்ளையின் உம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. அவள் படிக்காதவள். அவள் ஒருத்தியால்தான் அது நடக்கவில்லை.

அமைச்சர் அவர்களே, அந்த ஊர்ப் பெரியவர்களுக்குத் துணிவு தந்தது யார் என்று கேட்டால், உங்கள் அரசின் தண்டனைச் சட்டக் கோவையைத்தான் நான் காட்ட வேண்டியிருக்கும். 1995இல் அதைத் திருத்தியபோது, 16 வயதுக்குக் குறைந்த பெண்ணுடன் அவள் சம்மதித்தாலும் உறவு கொள்வது வன்புணர்வு என்று 363ஆம் பிரிவில் எழுதினீர்கள். கூடவே ஒரு விலக்கையும் எழுதினீர்கள்: அவள் 12 வயதுக்கு மேற்பட்ட, நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்படாத மனைவியாக இருந்தால் அது குற்றமல்ல. அதே ஆண்டில் பொதுச் சட்டத்திலும் கண்டிச் சிங்களவருக்கான கண்டியச் சட்டத்திலும் திருமண வயது 18 ஆனது. அப்படியென்றால் அந்த விலக்கில் வருகிற 13 வயது மனைவி யார்? சிங்களப் பிள்ளை இல்லை. தமிழ் இந்துப் பிள்ளை இல்லை, கிறிஸ்தவப் பிள்ளை இல்லை. எங்கள் பிள்ளை மட்டும்தான். பக்கத்து வளவில் உள்ள தமிழ்ப் பிள்ளைக்கு நடந்தால் பொலிஸ் வரும், சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தர் வருவார், நீதவான் முன் வழக்குப் போகும். எங்கள் வளவில் நடந்தால் பிரியாணி வரும்.

இதற்கு எதிராக உயர் நீதிமன்றம் போகலாமே என்று படித்த இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு 1978 அரசியலமைப்பை எடுத்துக் காட்டுவேன். 12ஆம் உறுப்புரையில் எல்லோரும் சட்டத்தின் முன் சமம். நான்கு உறுப்புரை தள்ளி 16(1)இல், ஏற்கெனவே இருக்கிற எழுதிய, எழுதாத சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துவிட்டார்கள். பொதுத் திருமணப் பதிவுச் சட்டத்தின் கீழாவது பதியலாம் என்றால், இரு முஸ்லிம்களின் திருமணம் அதில் வராது. பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் ஐ.நா. சமவாயத்தில் 1981இலும், சிறுவர் உரிமைச் சமவாயத்தில் 1991இலும் இந்த நாடு கையெழுத்து வைத்து ஏற்றிருக்கிறது. அதில் முஸ்லிம் பிள்ளைகள் நீங்கலாக என்று எங்கும் போடவில்லை.

இனிக் காதி நீதிமன்றம். நீதிமன்றம் என்றால் கட்டடம், மேசை, காவலர் என்று வாசிப்பவர்கள் நினைக்கலாம். பல இடங்களில் அது காதியாரின் வீட்டு விறாந்தை, அல்லது பள்ளிவாசலின் ஒரு பக்கம், அல்லது சனி ஞாயிறு பாடசாலை அறை. அரசு கொடுக்கும் அற்பக் கொடுப்பனவில் நல்ல மனிதர்களும் அந்த வேலையைச் செய்கிறார்கள், அவர்களுக்கு நான் துஆ செய்கிறேன். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு மனிதரின் நல்ல குணத்தில் தொங்கக் கூடாது. கணவன் தலாக் சொல்ல வேண்டுமானால் அறிவித்தல் கொடுக்கிறான், காதி சமாதானம் பேசிப் பார்க்கிறார், சரிவராவிட்டால் முறைப்படி சொல்லி முடிக்கிறான். எந்தக் குற்றத்தையும் அவன் நிரூபிக்க வேண்டியதில்லை. மனைவி பஸ்ஹ், அதாவது கணவனின் குற்றத்தைக் காட்டி விவாகரத்து, கேட்டால் காதியோடு மூன்று பேர் உட்கார்ந்து விசாரிப்பார்கள். அவள் சாட்சி கொண்டுவர வேண்டும். நான் போன ஓர் இடத்தில் நால்வரும் ஆண்கள். அறைக்குக் கதவு இருந்தது, மூடவில்லை. வெளியே வேறு வழக்குகளுக்கு வந்தவர்கள் வாங்கில் இருந்தார்கள். அந்தப் பெண்ணிடம், "எத்தனை நாளைக்கு ஒருதரம் சேருவீங்க? நீ மறுத்தியா?" என்று கேட்டார்கள். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இரவில் அவன் செய்த சித்திரவதைக்குச் சாட்சி யார் என்று கேட்டார்கள். படுக்கையறைக்குள் நடந்ததற்கு இரண்டு சாட்சி எங்கே கிடைக்கும்? சட்டத்தரணியைக் கொண்டுபோகலாம் என்றால் எங்கள் விவாகச் சட்டத்தின் 74ஆம் பிரிவு விடாது.

அவள் இடத்தில் இருந்து பாருங்கள். அதை ஒரு பெண் காதி கேட்டிருந்தால், கதவை மூடிவிட்டுக் கேட்டிருந்தால், அவள் வாய் திறந்திருப்பாள். ஆனால் காதி "ஆண் முஸ்லிம்" ஆக இருக்க வேண்டும் என்று 12ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். இந்த நாட்டில் ஒரு முஸ்லிம் பெண் நீதவானாகலாம், மாவட்ட நீதிபதியாகலாம், ஒருவனைச் சிறைக்கு அனுப்பலாம். ஒரு முஸ்லிம் பெண்ணின் தாபரிப்பு வழக்கைக் காதியாக இருந்து கேட்க முடியாது. பலஸ்தீனத்தில் 2009இலும், மலேசியாவில் 2010இலும் ஷரீஆ நீதிமன்றங்களுக்குப் பெண் நீதிபதிகளை நியமித்தார்கள். இந்தோனேசியாவில் அதற்கும் பல காலத்துக்கு முன்பிருந்தே இருக்கிறார்கள்.

ஸாபித் பின் கைஸ் (ரழி) அவர்களின் மனைவி நபியவர்களிடம் வந்து, கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ குறை சொல்லவில்லை, ஆனால் அவரோடு வாழ முடியாது என்றார். மணமகன் தரும் மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுப்பாயா என்று மட்டும் நபியவர்கள் கேட்டார்கள். கொடுப்பதாகச் சொன்னார், பிரித்து வைத்தார்கள். ஒரே அமர்வு. அந்தப் பெண்ணைப் படுக்கையறைக் கணக்குக் கேட்டு யாரும் அவமானப்படுத்தவில்லை.

இந்தச் சட்டம் அல்லாஹ்வின் சட்டம், தொட்டால் பாவம் என்கிறவர்கள் அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து 1770இல் கொண்டுவந்த தொகுப்பில் அது தொடங்குகிறது. ஆங்கிலேயர் 1806இல் அதை முகம்மதியச் சட்டக் கோவையாக்கினார்கள். 1929இல் ஒரு கட்டளைச் சட்டம், அதற்குப் பிறகு 1951இல் இலங்கைப் பாராளுமன்றம் கை உயர்த்தி நிறைவேற்றியது இப்போதைய சட்டம். அதில் கைக்கூலியை (மணமகன் தரப்பு வாங்கும் சீதனப் பணத்தை) பதியவும் இடம் இருக்கிறது. மணமகன் மஹர் கொடுக்க வேண்டும் என்பது குர்ஆன். மணமகள் வீட்டில் பணமும் வீடும் வாங்குவது எங்கள் ஊர் வழக்கம். கிழக்கில் ஒரு வாப்பா சவூதியிலும் கட்டாரிலும் வெயிலில் வெந்து மகளுக்கு வீடு கட்டுகிறார், கூரை ஏறியதும் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், அவளுக்கு வயது என்ன என்று யாரும் பார்ப்பதில்லை. குர்ஆனில் இல்லாத அந்தக் கைக்கூலியைச் சட்டத்தில் எழுதும்போது மார்க்கம் அழியவில்லை. குர்ஆனிலும் ஹதீஸிலும் இருக்கிற பெண்ணின் அனுமதியைச் சட்டத்தில் எழுதச் சொன்னால் மட்டும் மார்க்கம் அழியும் என்கிறீர்கள்.

பலதார மணத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. 24ஆம் பிரிவின்படி கணவன் காதிக்கு 30 நாள் முன்கூட்டி அறிவித்தல் கொடுத்தால் போதும், அது பள்ளிவாசல்களில் ஒட்டப்படும். மனைவியின் சம்மதம் வேண்டாம், இரண்டு குடும்பத்தை நடத்த வசதி இருக்கிறதா என்று யாரும் பார்க்க வேண்டாம். நீதமாக நடக்க முடியாது என்று பயந்தால் ஒருத்தி போதும் என்று சொன்ன வசனத்தை இதில் எந்த வரி காப்பாற்றுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது அரசாங்கத்துக்கு இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு எங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று திடீரென்று பலர் முன்வந்தார்கள். அதுவரை எங்களை மனிதராகவே பார்க்காதவர்கள்கூட எங்கள் பெண்களுக்காகக் கண்ணீர் விட்டார்கள். 2021இல் "ஒரே நாடு ஒரே சட்டம்" செயலணிக்கு, முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்குப் பெயர்போன பிக்கு கலகொட அத்தே ஞானசார தேரரைத் தலைவராக்கினார்கள். அதற்குக் கொஞ்சக் காலத்துக்கு முன்தான் கொவிட் என்று சொல்லி எங்கள் ஜனாஸாக்களை (இறந்தோரின் உடல்களை) எரித்தார்கள், பால்குடிக் குழந்தையைக்கூட விடவில்லை. ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைக்கும்வரை எங்கள் வீடுகளில் மௌத்தானவர்களை நினைத்து அழுத அழுகையை நாங்கள் மறக்கவில்லை. அந்தக் கூட்டத்தின் கையால் எங்களுக்கு நீதி வேண்டாம். ஆனால் இப்படிப்பட்ட காயங்களைக் காட்டியே, "இப்போது பேசினால் எதிரிக்கு வாய்ப்பாகிவிடும், பொறுங்கள்" என்று எங்கள் ஆட்களும் எங்களை 30 வருடங்களுக்கு மேலாகப் பொறுக்க வைக்கிறார்கள். எதிரி இல்லாத ஒரு காலம் எப்போது வரும்? அதுவரை எத்தனை பிள்ளைகளின் பெயரைச் சிவப்பு மையால் வெட்டுவது?

இந்தச் சட்டத்தைத் திருத்துவதை ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தீர்கள். அறிக்கை வர 2018 ஆனது. வந்த அறிக்கையும் இரண்டாகப் பிரிந்து வந்தது. 2019இலும் 2021இலும் அமைச்சரவை மட்டத்தில் பேசினீர்கள். பேச்சு அப்படியே நின்றது. ஒவ்வொரு அமைச்சரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: முஸ்லிம் சமூகம் முதலில் ஒரு முடிவுக்கு வரட்டும். எந்தச் சமூகம், அமைச்சர் அவர்களே? நீங்கள் சந்திக்கிற தூதுக்குழுக்களில் வருகிற ஆண்கள்தான் சமூகமா? இந்தத் திருத்தத்துக்காக புத்தளத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் ஏச்சும் மிரட்டலும் வாங்கிக்கொண்டு வேலை செய்கிற முஸ்லிம் பெண்கள் அந்தச் சமூகத்துக்குள் வரமாட்டார்களா? மதச்சார்பற்ற அரசாக நடப்பது என்றால் எங்கள் மார்க்கத்தை மதித்து, எங்கள் பிரஜாவுரிமையையும் மதிப்பதுதான். எங்களை எங்கள் ஆண்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதை மதிப்பு என்று சொல்லாதீர்கள்.

எனவே என் கோரிக்கைகள்.

நீதி அமைச்சர் அவர்களே, திருத்தச் சட்டமூலத்தை இந்தப் பாராளுமன்றத்தின் காலத்துக்குள்ளேயே கொண்டுவாருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 வயது, அதில் காதியின் விலக்கு எதுவும் வேண்டாம். ஒரு வாசலைத் திறந்து வைத்தால் எல்லாப் பிள்ளைகளும் அந்த வாசலால்தான் போவார்கள். மணமகள் தானே கையெழுத்து வைக்காத திருமணத்தைப் பதியக் கூடாது, பதிவாளர் அவளிடம் தனியாகக் கேட்ட பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். தண்டனைச் சட்டக் கோவை 363இல் 12 வயது மனைவிக்கான விலக்கை நீக்குங்கள். அதற்கு எந்த மத்ஹபின் சம்மதமும் தேவையில்லை, அது அரசின் சொந்தச் சட்டம். காதி பதவியையும் மேன்முறையீடு கேட்கும் காதிகள் சபையையும் பெண்களுக்குத் திறந்துவிடுங்கள், சட்டத்தரணிக்கு அனுமதி கொடுங்கள், விசாரணைக்கு மூடக்கூடிய கதவுள்ள ஓர் அறையைக் கொடுங்கள். பஸ்ஹ் கேட்கும் பெண்ணுக்கும் தலாக் சொல்லும் ஆணுக்கும் ஒரே அளவு நடைமுறையை வையுங்கள். விரும்பிய முஸ்லிம்கள் பொதுச் சட்டத்தின் கீழ் பதிய வழி விடுங்கள். 16(1)ஐ நீக்குவதை அடுத்த அரசியலமைப்புத் திருத்தத்தில் சேருங்கள். சட்டமூல வரைவைத் தமிழிலும் வெளியிடுங்கள், எங்களுக்கு வாசித்துக் கருத்துச் சொல்ல நாள் கொடுங்கள்.

முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்களே, தேர்தல் காலத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பெண்களின் வாக்கைத் தனியாகக் கேட்டீர்கள். இந்தச் சட்டத்தில் எங்கள் கருத்தையும் தனியாகக் கேளுங்கள். அமைச்சருக்கு நீங்கள் கூட்டாக எழுதும் கடிதங்களை அனுப்புவதற்கு முன் தொகுதியில் வெளியிடுங்கள். வாக்கெடுப்பு வரும்போது வெளிநாட்டுப் பயணம் போகாமல் சபையில் இருந்து ஆம் அல்லது இல்லை என்று வாக்களியுங்கள்.

உலமாக்களே, உங்களிடம் கேட்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பாராளுமன்றம் தேவையில்லை. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் நிகாஹை எந்தக் கத்தீபும் எந்த மௌலவியும் நடத்தக் கூடாது என்று நாடு முழுவதற்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். மணமகளின் வாயால் சம்மதம் கேட்காமல் ஈஜாப் கபூல் (திருமண ஒப்பந்த வாசகம்) சொல்ல வேண்டாம் என்று அதிலேயே எழுதுங்கள். கைக்கூலி வாங்கிய நிகாஹுக்குப் போகாதீர்கள். கற்பைப் பற்றி ஆண்பிள்ளைகளிடமும் பேசுங்கள், நான்கு ஜும்ஆக்களில் ஒன்றையாவது அதற்குக் கொடுங்கள். மனைவி மறுக்கிற இரவில் அவளைப் பலவந்தப்படுத்துவது மார்க்கம் அல்ல என்று மிம்பரில் ஏறிச் சொல்லுங்கள். பெண்களை அழைக்காத கூட்டத்தின் தீர்மானங்களை ஊரின் தீர்மானம் என்று ஏற்காதீர்கள்.

மூன்று தரப்பினரும் இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கு ஆதாரம் என்ன என்பதை எழுத்தில் தாருங்கள். அமைச்சர் அவர்கள் சட்டமூலம் எந்த மாதத்தில் சபைக்கு வரும் என்பதையும் சேர்த்து அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு முஸ்லிம் ஆசிரியை,
கிழக்கு மாகாணம்